‘சலேகா’ என்ற ஒரு சொல்

பிழைப்பின் பொருட்டு வடபுலம் வந்து சேர்ந்த நாம் முதன்முதலில் கற்றுக்கொள்ளும் இந்திச் சொற்களுள் ‘சலேகா’ என்பது ஒன்று. ‘ஓடும், போதும், பரவாயில்லை’ என்னும் பொருள்கள் யாவும் அந்த ஒரு சொல்லில் அடங்கிக் கிடக்கின்றன. புளி கிடைக்காத நாளில் எலுமிச்சை சலேகா. இட்டிலி அரிசி கிடைக்காவிடில் வேறு அரிசி சலேகா. எத்தனையோ காரியங்களில் நமக்குக் கைகொடுத்த அச்சொல், காரின் டயர் விஷயத்தில் நம்மைக் கவிழ்க்கப் பார்த்த வரலாற்றை நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். கோடை விடுமுறைக்குக் காரிலேயே ஊர் செல்லும் குடும்பங்கள் பெருகிவரும் இந்நாளில் இது சிலருக்கேனும் பயன்படும்.

2024 ஏப்ரலில் நிகழ்ந்தது இது. நாகபுரியிலிருந்து மதுரைப் பக்கம் உள்ள நம் ஊருக்கு ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். ரெயில்வேயில் உத்தியோகம் பார்ப்பவர் ரெயிலில் போகாமல் காரில் போவானேன் என்று கேட்கலாம். முழங்கால் வலியுள்ள தந்தையார், மூன்று குழந்தைகள், நிலையத்திலிருந்து கிராமத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டிய தொல்லை இவையே காரணம். பழைய சிறு கார் ஒன்றை வாங்கி வைத்திருந்தோம். அதன் முன் டயர்கள் இரண்டும் தேய்ந்திருந்தன. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் அதை மாற்றியே ஆகவேண்டும் என்பது விதி. ஆகவே புது டயர் வாங்கச் சென்றோம்.

நம் காருக்கு உரிய அளவு 145/80 ஆர் 13. கடையில் அவ்வளவு இல்லை. 155/80 ஆர் 13 இருந்தது. “அதே ரிம்மில் ஏறும், சாப். பெரிய டயர், அதிகப் பலம். சலேகா!” என்றார் கடைக்காரர். நாள் முழுவதும் எண்களைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்கும் நாம், அந்த ஒரு எண்ணின் வேற்றுமையைப் பொருட்படுத்தாமல் தலையசைத்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துடன் ராம்டேக் குன்றின்மேலுள்ள இராமர் கோயிலுக்குப் புறப்பட்டோம். சமதரையில் ஒரு குறையும் தெரியவில்லை. மலைப்பாதையில் வளைவு தோறும் ‘சர்ர்’ என்று ஓர் ஓசை எழுந்தது. “கீழே ஏதோ உரசுகிற மாதிரி இருக்கிறதே, உங்களுக்குக் கேட்கவில்லையா?” என்றார் நம் இல்லத்தரசி. “கல் ஏதாவது சிக்கியிருக்கும்” என்று சமாதானம் கூறினோம். கொடுத்த பணம் நம்மை அப்படிப் பேச வைத்தது என்பதே உண்மை. வீடு திரும்பிக் குனிந்து பார்த்தபோது, சக்கரத்தின் மேலுள்ள பிளாஸ்டிக் தடுப்பு ஓரிடத்தில் தேய்ந்து கிழிந்திருந்தது. புது டயரின் தோளிலும் சுற்றிலும் கீறல் விழுந்திருந்தது.

லோகோ ஷெட்டில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அடுத்த தெருவில் வசிக்கிறார். அவரை அழைத்துக் காட்டினோம். அவர் முதலில் ஸ்டெப்னியை வெளியே எடுக்கச் சொன்னார். (1904-இல் வேல்ஸ் நாட்டின் லானெல்லி நகரில், ஸ்டெப்னி என்னும் தெருவில் தோன்றிய மாற்றுச் சக்கரத்துக்கு அத்தெருவின் பெயரே அமைந்தது, நம் நாட்டில் இன்றும் அது வழங்குகிறது.) “தம்பி, தையல் நூல் கொண்டு வாருங்கள்” என்றார். ஸ்டெப்னியைச் சுற்றி நூலைக் கட்டி அளந்தார். முன் சக்கரம் ஒன்றைக் கழற்றி அதையும் அளந்தார். இரு நூல்களையும் நீட்டி வைத்தபோது ஒன்று மற்றதைவிட மூன்று விரற்கடை நீண்டிருந்தது. “உங்கள் ரெயிலில் ஆளுக்கோர் அளவாகச் சக்கரம் பூட்ட விடுவார்களா?” என்று அவர் கேட்டார். நமக்கு விடை சொல்ல வாயெழவில்லை.

டயரின் பக்கவாட்டில் உள்ள எண்களைப் படிப்பது கடினமன்று. 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் பக்கச் சுவர் உயரம் என்பதைக் குறிக்கும். ‘ஆர்’ என்பது ரேடியல் வகை. 13 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். எனவே 145-இல் 80 சதவீதம் 116 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இருமடங்கு 232. பதின்மூன்று அங்குலம் 330.2. கூட்டினால் முழு விட்டம் 562.2 மில்லிமீட்டர். 155/80 ஆர் 13-க்கு இதே கணக்கைப் போட்டால் 578.2 வருகிறது. விட்டத்தில் வேற்றுமை 16 மில்லிமீட்டர்; சுற்றளவிலோ 5 சென்டிமீட்டர். பெரியவரின் நூல் காட்டியதும் இதுவே.

ஆகவே ரிம்மில் ஏறுவது வேறு, வண்டிக்குப் பொருந்துவது வேறு. அகலமும் உயரமும் கூடிய சக்கரம், வண்டியில் பாரம் ஏறி ஸ்டியரிங்கை முழுதும் திருப்பும்போது தடுப்பில் உரசுகிறது. நம் காரில் முன் சக்கரங்களே வண்டியை இழுப்பவை. ஆதலால் வேகமானியும் தவறிவிடும். முன்பு 80 காட்டிய இடத்தில் வண்டி ஓடுவது ஏறத்தாழ 82 ஆகும். 1,500 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் சுமார் 1,458 என்றே காட்டும்; பெட்ரோல் அதிகம் குடிப்பதாக வீண் ஐயம் எழும். ஏ.பி.எஸ். பிரேக் உள்ள வண்டிகள் சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டே வேலை செய்பவை. அளவு மாறினால் அக்கணக்கும் குழம்பக்கூடும். ஒரே அச்சில் வலப்புறம் ஓர் அளவும் இடப்புறம் வேறோர் அளவும் பூட்டுவது இன்னும் தீது.

அளவெண்ணை அடுத்துப் பாரக் குறியீடு ஒன்றும் உண்டு. 75 எனில் அந்த டயர் தாங்கும் உச்ச பாரம் 387 கிலோ. 79 எனில் 437 கிலோ. உரியதைவிடக் குறைந்த குறியீடுள்ள டயரைப் பூட்டி, குடும்பமும் மூட்டை முடிச்சுகளுமாக மே மாத வெயிலில் நெடுஞ்சாலையில் விரைந்தால், டயர் சூடேறி வெடிக்கும் அபாயம் உண்டு.

மறுநாள் கடைக்குச் சென்றோம். ரசீதில் ‘டயர் 2’ என்பதைத் தவிர வேறொன்றும் எழுதப்படவில்லை. எழுதும்படி நாமும் கேட்கவில்லை. ஓடிய டயர் என்று சொல்லிப் பாதி விலைக்கே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இந்த வகையில் நட்டம் 2,400 ரூபாய். ஊரில் அத்தை மக்களுக்கு வாங்க எண்ணியிருந்த துணிமணி அவ்வாண்டு வாங்கப்படவில்லை. வேறொரு கடையில் மூன்று நாள் காத்திருந்து உரிய அளவை வரவழைத்துப் பூட்டினோம். பின்னிருக்கையில் உறங்கும் குழந்தைகளைக் கண்ணாடியில் காணும் போதெல்லாம் அந்த நட்டம் சிறிதாகவே தோன்றியது.

நேயர்கள் நினைவில் கொள்ளத்தக்கவை சில உண்டு. உரிய டயர் அளவும் காற்றழுத்தமும் பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவின் ஓரத்திலும் கையேட்டிலும் அச்சிடப்பட்டிருக்கும். அங்கே இரண்டு அளவுகள் குறிக்கப்பட்டிருந்தால் இரண்டும் ஏற்புடையனவே, இல்லாததை ஏற்காதீர். பழைய கார் வாங்கினால், பூட்டியுள்ள டயரை நம்பாமல் அந்தக் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். டயரில் உள்ள நான்கு இலக்கத் தேதி எண்ணையும் காணுங்கள். 2319 எனில் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ரசீதில் அளவு முழுவதையும் எழுதி வாங்குங்கள். மாறான பொருளைத் தந்து கடைக்காரர் மறுத்துப் பேசினால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. ஆனால் அங்கும் பேசுவது ரசீதுதான்.

அந்த மே மாதத்தில் ஓசை ஏதுமின்றி ஊர் போய்ச் சேர்ந்தோம். ‘சலேகா’ நல்ல சொல்தான். அடுக்களையில் அது ஆயிரம் முறை உதவட்டும். டயர்க் கடையில் அச்சொல்லைக் கேட்டால் மட்டும், “எண் என்ன?” என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.