குளிர்காய்ச்சலும் இரண்டாவது ரத்தமும்



காய்ச்சல் என்று வருகிறவர்களுக்கு விரலைக் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்துப் பார்க்கிறோம். மலேரியா என்று தெரிந்தால், மறுபடியும் கையிலிருந்து ரத்தம் எடுத்துப் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். “அதான் ஒரு தடவை எடுத்தாச்சே, இன்னும் எதுக்கு?” என்று பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

மைக்ராஸ்கோப்பில் மலேரியாக் கிருமி இருப்பது தெரியும். ஆனால், எந்த வகை என்பதில் கண் ஏமாந்துபோகும். ‘மலேரியே’ என்ற சாதுவான வகையும், குரங்கிடமிருந்து கொசு வழியாக வரும் ‘நோலெசி’ வகையும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. முதலாவது 72 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். நோலெசியோ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். கவனிக்காமல் விட்டால் சில நாளிலேயே சிறுநீரகமும் நுரையீரலும் கெட்டு, உயிரே போகலாம்.

ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறார்கள்? ஒவ்வொரு கிருமிக்கும் அதற்கே உரிய பரம்பரை அடையாளம் உண்டு. ‘பி.சி.ஆர்.’ என்ற முறையில் அந்த அடையாளத்தை ஒன்றை இரண்டாக, இரண்டை நான்காகப் படியெடுக்கிறார்கள். 30 சுற்று ஓடினால் ஒன்று நூறு கோடிக்கு மேல் ஆகிவிடும். அப்போது எந்தக் கிருமி என்பதில் குழப்பமில்லை.

சரவாக், கப்பிட்டில் டாக்டர் பல்பீர் சிங் குழுவினர் இப்படித்தான் சோதித்து 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். 208 மலேரியா நோயாளிகளில் 120 பேருக்கு நோலெசி இருந்தது. ‘மலேரியே’ ஒருவருக்குக்கூட இல்லை! 2018-இல் நம் நாட்டில் 4,000 பேருக்கு மேல் நோலெசி கண்டது.

காட்டோரத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. காய்ச்சல், குளிர், தலைவலி கண்டால் அன்றைக்கே வாருங்கள். கடை மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

2. காட்டுப் பக்கம் போனதையும், குரங்கு நடமாட்டத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.

3. இரண்டாவது ரத்தம் கேட்டால் மறுக்காதீர்கள். அதன் முடிவு வரச் சில நாள் ஆகலாம். அதற்காக மருந்து காத்திருக்காது, உடனே தொடங்குவார்கள்.

4. காய்ச்சல் விட்டாலும் கொடுத்த மாத்திரையை முழுதும் சாப்பிடுங்கள்.

5. பொழுது சாயும் நேரத்தில் முழுக்கைச் சட்டை போடுங்கள். படுக்கையில் கொசுவலை கட்டுங்கள்.

ஒரு நாள் சம்பளம் போகுமே என்று காய்ச்சலோடு வேலைக்குப் போகாதீர்கள். இந்தக் கிருமிக்கு ஒரு நாள் என்பது ரொம்பப் பெரிய அவகாசம்.