இரத்த அறிக்கை இயல்பு. கண் ஏன் உறுத்துகிறது?

முடக்குவாதத்திற்குப் பல்லாண்டுகளாகச் சிகிச்சை பெற்றுவரும் அம்மையார் ஒருவர், அண்மையில் தம் இரத்தப் பரிசோதனை அறிக்கையை மகிழ்ச்சியுடன் நீட்டினார். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் இயல்பான அளவில் இருந்தன. "நோய் அடங்கிவிட்டதே என்று கண் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டேன், டாக்டர்" என்றார். சாயமிட்டுப் பார்த்தபோது அவருடைய கருவிழியில் புள்ளி புள்ளியாகச் சிராய்ப்புகள் தெரிந்தன.

சி.ஆர்.பி. என்பது கல்லீரல் உற்பத்தி செய்யும் புரதம். அழற்சி எழுந்த சில மணி நேரத்தில் உயரும். அடங்கினால் சில நாள்களில் இறங்கும். குழாயில் நிறுத்திய இரத்தத்தில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கீழிறங்குகின்றன என்பதே இ.எஸ்.ஆர். முதுமை, இரத்தசோகை, கருவுற்ற நிலை ஆகியவையும் அதனை உயர்த்தும். இரண்டும் உடல் முழுமைக்குமான கணக்கு. கண்ணீர்ச் சுரப்பியோ பாதாம் பருப்பளவே உடையது. அதனுள் நிகழும் அழற்சி இரத்தத்தில் தென்படாமலே போகலாம்.

சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் 1933ஆம் ஆண்டு தம் ஆய்வேட்டில் விரிவாக எழுதிய நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. கண்ணையும் வாயையும் வறளச் செய்யும் இந்நோயில், இ.எஸ்.ஆர். உயர்ந்திருக்கும்போதும் சி.ஆர்.பி. பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். இரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் புரதங்கள் மிகுவதால் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி விரைந்து கீழிறங்குவதே இதற்குக் காரணம். மேலும், அழற்சி மெய்யாகவே தணிந்த பின்னும், முன்னரே சிதைந்த சுரப்பி பழைய அளவில் கண்ணீர் சுரப்பது அரிது. அந்த அம்மையாருக்கு நேர்ந்தது இதுவே.

ஆகவே கண்ணின் நிலையைக் கண்ணிலேயே அளக்க வேண்டும். ஷிர்மர் சோதனையில், கீழிமையின் உட்புறம் சிறு தாள் பட்டை ஒன்றை 5 நிமிடம் வைப்போம். ஈரம் 5 மில்லிமீட்டரைத் தாண்டாவிடில் கண்ணீர் குறைவு என்று கொள்வோம். ஊசியில்லை, சிறிது உறுத்தும், அவ்வளவே. "எனக்கு நீர் வடிகிறதே, இது எப்படி வறட்சி?" என்று வினவுவோர் பலர். வறண்ட கண் உறுத்தலால் திடீரெனப் பொழியும் நீர் அது. கண்ணின் மேல் நிலைத்து நிற்காது.

செயற்கைக் கண்ணீரை நாளொன்றுக்கு நான்கு முறைக்கு மேல் இடுவோர், பதப்படுத்தும் பொருள் கலவாத வகையைக் கேட்டு வாங்குக. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைத் தாமாக வாங்கி இடுதல் கூடாது. கண் அழுத்தமும் புரையும் வரக்கூடும். கண் வலியுடன் சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, இரத்த அறிக்கை எவ்வாறிருப்பினும் அன்றே கண் மருத்துவரிடம் வருக.