சக்கர மாற்றமும் டயர்களின் ஆயுளும்

ஒரே நிலத்தில் ஒரே பயிரை இடைவிடாது இட்டால் மண்ணின் சாரம் குன்றும் என்பதைக் குடியானவர்கள் நன்கறிவர். ஆகவே நெல்லுக்குப்பின் உளுந்தோ பயறோ விதைப்பர். விளைபொருளைச் சந்தைக்குச் சுமக்கும் சிறு சரக்கு மோட்டாரின் டயர்களுக்கும் இத்தகைய மாற்றம் அவசியமென்பதைப் பலர் கவனிப்பதில்லை.

செங்கற்பட்டு ஜில்லா நாவலூர், பழைய மாமல்லபுரம் ரஸ்தாவில் சோழிங்கநல்லூருக்குத் தெற்கே உள்ளது. வயல்கள் சுருங்கிக் கணினித் தொழில் மாளிகைகள் பெருகிவிட்ட இப்பக்கத்திலிருந்து, கீரையும் காய்கறியும் கோயம்பேட்டில் 1996-ல் திறக்கப்பட்ட மொத்தச் சந்தைக்குச் செல்வதாயின், விடியுமுன் போய்ச் சேரவேண்டும். நடுவழியில் டயர் வெடித்தால் கீரை வாடி விலையிழக்கும். பாரவண்டி கவிழ்ந்து உயிர்ச்சேதமும் நேரக்கூடும்.

தேய்வின் காரணங்கள்: முன் சக்கரங்கள் வண்டி திரும்புந்தோறும் ஓரங்களில் தேய்கின்றன. பின் சக்கரங்கள் சுமையைத் தாங்குவதோடு, பின்னச்சால் ஓடும் வண்டிகளில் இஞ்சினின் விசையையும் ஏற்கின்றன. காற்று மிகுந்தால் நடுப்பாகமும், குறைந்தால் இரு ஓரங்களும் விரைவில் தேயும். ஓர் ஓரம் மாத்திரம் தேயுமாயின் சக்கரங்களின் நேர்மை பிசகியிருக்கக்கூடும். அதைச் சீர்செய்யாமல் டயரை மட்டும் மாற்றுவது வீண்.

மாற்றும் முறை: ஏறக்குறைய 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுதல் நலம். வண்டியின் கைப்புத்தகத்தில் வேறு அளவு கண்டிருப்பின் அதுவே பிரமாணம். பின்னச்சு வண்டியில் பின் டயர்களை அந்தந்தப் பக்கத்திலேயே முன்னுக்கும், முன் டயர்களைக் குறுக்காக, அதாவது இடத்தை வலப்பின்னுக்கும் வலத்தை இடப்பின்னுக்கும், மாட்டுக. நான்கும் ஒரே அளவும் ஒரே வகையுமானால் மாத்திரமே இது பொருந்தும். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியுள்ள டயர்களைப் பக்கம் மாற்றலாகாது.

மாற்றியபின் செய்யவேண்டியவை: முன்னுக்கும் பின்னுக்கும் காற்றளவு வேறாதலால் புதிய இடத்துக்கேற்பக் காற்றைச் சரிசெய்தல் வேண்டும்; இதனை மறப்போர் பலர். நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடி முடுக்குக. டயரின் பள்ளங்களில் 1.6 மில்லிமீட்டர் உயரமுள்ள சிறு மேடுகள் உள்ளன. மேற்பரப்பு தேய்ந்து அவற்றுடன் சமமாகிவிட்டால் இடமாற்றம் பயன்படாது. புது டயரே வேண்டும்.

டிராக்டர்: முன்பின் டயர்கள் அளவில் வேறுபட்ட டிராக்டர்களில் இவ்வாறு மாற்ற இயலாது. வயலுக்கென அமைந்த பின் டயரின் கட்டைகள் தார் ரஸ்தாவில் விரைந்து தேயுமாதலால், வீண் ரஸ்தா ஓட்டத்தைக் குறைப்பதே அதற்குரிய பாதுகாப்பு.

இவ்வேலைக்குப் பிடிக்கும் நேரம் சொற்பம். நான்கு டயர்களும் ஒருசேரத் தேய்ந்தால் ஒன்று முந்திக் கெட்டு மற்றவற்றை வீணாக்குவதில்லை. ஏர் பூட்டுமுன் கொழுவைப் பார்க்கும் குடியானவர்கள், வண்டி எடுக்குமுன் டயரையும் பார்த்துப் பொருளையும் உயிரையும் காத்துக்கொள்வார்களாக.