மின்சாரம் வேண்டாத பிரீஆம்ப்

சிடி பிளேயர், எஃப்எம் டியூனர், இசைத்தட்டுச் சுழலி ஆகியவற்றிலிருந்து வரும் மெல்லிய மின் சிக்னலை வாங்கி, அதன் அளவைச் சீர்செய்து, ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் இடைக்கருவி பிரீஆம்ப் எனப்படுகிறது. அதனுள் டிரான்சிஸ்டரோ வால்வோ இல்லாமல், உள்ளீட்டைத் தேர்ந்தெடுக்கும் ஒரு சுவிட்சும் ஒலியளவைக் குறைக்கும் ஒரு பகுதியும் மட்டுமே இருந்தால், அது பாசிவ் பிரீஆம்ப் ஆகிறது. இதற்கு மின் இணைப்பு தேவையில்லை. ஆனால், வந்த சிக்னலைக் குறைப்பதே இதனால் இயலும்.

இசைத்தட்டின் காலத்தில் இத்தகைய கருவியை எண்ணிப் பார்ப்பதே கடினமாக இருந்தது. ஊசித்தலையிலிருந்து வருவது ஏறக்குறைய 5 மில்லிவோல்ட் மட்டுமே என்பதால், அதைப் பல மடங்கு பெருக்கும் சுற்று கட்டாயமாயிற்று. 1982இல் விற்பனைக்கு வந்த சிடி பிளேயர் 2 வோல்ட் வரை தரவே, நிலைமை மாறியது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் தரும் பவர் ஆம்ப் அதற்கு 20 வோல்ட் வெளியிட வேண்டும். அது சிக்னலை 20 மடங்கு பெருக்குவதாயின், 1 வோல்ட் உள்ளீடே போதும். ஆகவே சிடி பிளேயருக்கும் பவர் ஆம்ப்புக்கும் இடையே மேலும் பெருக்குவதற்குத் தேவை இல்லை.

திண்டுக்கல் சமவெளியில் இந்தக் கணக்கைச் சற்று மாற்றிப் போட வேண்டும். ஏனெனில் இங்குள்ள பல வீடுகளில் இசை என்பது முதன்மையாகக் கொடைக்கானல் மலையிலிருந்து 100.5 மெகாஹெர்ட்சில் வரும் வானொலிப் பண்பலையே. மலையுச்சியின் உயரம் காரணமாக அது சமவெளியில் தெளிவாகக் கிடைக்கிறது என்றாலும், வீட்டு டியூனர் அரை வோல்ட் அளவிலேயே சிக்னலைத் தருவது உண்டு. அவ்வாறாயின் மேற்சொன்ன ஆம்ப் 10 வோல்ட்டில் நின்றுவிடும். 50 வாட்டுக்குப் பதில் 12.5 வாட் கிடைக்கும். இது பேரிழப்பாகத் தோன்றினும், நடுத்தர அளவுள்ள அறையில் நல்ல உணர்திறன் கொண்ட ஸ்பீக்கருக்கு அதுவே தாராளம். உணர்திறன் குறைந்த சிறிய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்குத்தான் வால்யூமை முழுவதும் திருப்பிய பின்னும் ஒலி போதாமற்போகும்.

பாசிவ் பிரீஆம்ப்களில் எளியது, மின்தடைகளால் சிக்னலைப் பங்கிடும் வகை. அதன் தரத்தை முடிவு செய்வது விலையைக் காட்டிலும், உள்ளே உள்ள வால்யூமின் ஓம் மதிப்பே. 50 கிலோஓம் வால்யூமில் சிக்னல் பாதியாகக் குறையும் நிலையில், அடுத்த கருவியை நோக்கி 12.5 கிலோஓம் மின் எதிர்ப்பு நிற்கிறது. ஒலிக் கேபிளோ தன் நீளத்திற்கேற்ப மீட்டருக்குச் சுமார் 100 பைகோஃபாரடு மின்தேக்குத்திறன் உடையது. இவ்விரண்டும் சேர்ந்து உயர் அதிர்வெண்களை வடிகட்டிவிடுவதால், 5 மீட்டர் கேபிளில் 20 கிலோஹெர்ட்ஸ் அளவில் 2 டெசிபல் இழப்பு ஏற்பட்டு, ஜால்ராவின் மினுமினுப்பும் வயலின் வில்லின் உரசலும் மங்குகின்றன. 10 கிலோஓம் வால்யூமும் 1 மீட்டர் கேபிளும் பயன்படுத்தினால் இந்த இழப்பு காதுக்கு எட்டாத அளவுக்குச் சுருங்கிவிடும். பாசிவ் கருவி ஒலியை உயிரற்றதாக்குகிறது என்ற பழி பெரும்பாலும் இந்தப் பொருத்தமின்மையால் எழுந்ததே. 10 கிலோஓமுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: சில வால்வுக் கருவிகளின் வெளியீட்டில் 0.47 மைக்ரோஃபாரடு கெப்பாசிட்டர் இருந்தால், 34 ஹெர்ட்சுக்குக் கீழே தாழ்சுரம் மெலிந்துவிடும்.

அடுத்த வேறுபாடு வால்யூமின் அமைப்பில் உள்ளது. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் இரட்டை வால்யூமில் கார்பன் பாதையின் மீது ஒரு தொடுமுனை உரசிச் செல்கிறது. விலை குறைவு என்றாலும், இரவில் மிகக் குறைந்த ஒலியில் கேட்கும்போது இடம், வலம் இரண்டும் சமமாக இறங்குவதில்லை என்பதால் பாடகர் ஒரு பக்கம் நகர்ந்துவிட்டதாகத் தோன்றும். வறண்ட மண்ணும் தூசியும் உள்ள இந்த ஊர்களில் அந்தப் பாதை விரைவில் கரகரக்கத் தொடங்கும். இதற்கு மாற்றாக, 24 நிலைகள் கொண்ட சுழல் சுவிட்சில் நிலையான மின்தடைகளைப் பற்றவைத்து அமைப்பது படிநிலை வால்யூம் ஆகும். இரு பக்கமும் ஒரே அளவில் இறங்கும். சுவிட்சின் தொடுமுனையைத் துடைத்தால் பல ஆண்டுகள் உழைக்கும். படிகளுக்கு இடையே வேண்டிய ஒலி கிடைக்காமற்போவதே அதன் குறை. பாகங்கள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைக்கத் தக்கவை என்பதால், ஆம்ப் அசெம்பிள் செய்யும் மெக்கானிக் எவரும் இதை ஓர் உலோகப் பெட்டிக்குள் கட்டித்தர முடியும்.

விலையுயர்ந்த மற்றொரு வகை, மின்தடைக்குப் பதில் டிரான்ஸ்ஃபார்மரைக் கொண்டது; இங்கிலாந்தின் ஸ்டீவன்ஸ் அண்ட் பில்லிங்டன் நிறுவனத்தின் சுருள்கள் இத்துறையில் பெயர்பெற்றவை. மின்னழுத்தம் பாதியாகும்போது மூலக்கருவியின் மின் எதிர்ப்பு கால்பங்காகிவிடுவதால், நீண்ட கேபிளையும் இது தயக்கமின்றி இயக்குகிறது. ஆனால் சுருள், பக்கத்திலுள்ள காந்தப்புலத்தை இழுத்துக்கொள்ளும். மின்வெட்டுக்கு அஞ்சி டிவி அலமாரிக்கு அடியிலேயே இன்வெர்ட்டரையும் ஸ்டெபிலைசரையும் வைத்திருக்கும் வீட்டில் இது இரையத் தொடங்கக்கூடும் என்பதால், அந்த இடத்தை மாற்றாமல் இவ்வளவு பணம் செலவிடுவது வீண்.

வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் போன்ற பகுதிகளில் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதைக் கருதினால், தனக்கென மின் இணைப்பும் மின்மாற்றியும் இல்லாத கருவி என்பது உண்மையான நன்மை. அதன் வழியாக உறுமல் புகாது, எர்த் இணைப்பும் ஒன்று குறைகிறது. நீண்ட கேபிள் தவிர்க்க இயலாத வீடுகளுக்கு, வால்யூமின் பின்னே, பெருக்கம் இல்லாமல் மின் எதிர்ப்பை மட்டும் தாழ்த்தும் ஒரு பஃபர் சுற்றைச் சேர்க்கும் நடுவழியும் உண்டு. அமெரிக்கப் பொறியாளர் நெல்சன் பாஸ் 2008இல் வெளியிட்ட பி1 வடிவமைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

சிடி பிளேயர் அல்லது டிஏசி (டிஜிட்டல் இசையை ஒலிச் சிக்னலாக மாற்றும் கருவி), ஒரு பவர் ஆம்ப், இரண்டுக்கும் இடையே ஒரு மீட்டர் கேபிள் என்ற அளவில் உள்ள வீட்டிற்கு, 10 கிலோஓம் படிநிலை வால்யூமே இவற்றில் சிறந்தது. இசைத்தட்டு கேட்போர் தனியாக ஃபோனோ பெருக்கி வைத்துக்கொள்ள வேண்டும். வாங்குமுன் பவர் ஆம்ப்பின் கையேட்டில் உள்ளீட்டு மின் எதிர்ப்பைப் பார்க்கவும். அது வால்யூமின் ஓம் மதிப்பைப் போல் இரண்டு மடங்குக்குக் குறைவாக இருந்தால், பாசிவ் கருவியை விட்டுவிடுவதே நல்லது.