சிறையறை டியூப்லைட்டும் மூளையின் கடிகாரமும்

2025 ஏப்ரலில் வெளியான ‘இந்திய நீதி அறிக்கை’யில் ஒரு கணக்கு இருந்தது. 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களுக்கென்று பணியில் இருந்த உளவியலாளர்களும் மனநல மருத்துவர்களும் சேர்த்து 25 பேர். வகுத்தால் ஒருவர் பொறுப்பில் 22,929 சிறைவாசிகள். ஆளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி, தினம் எட்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமைகூட விடுப்பு எடுக்காமல் பார்த்தாலும் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்து முடிக்க ஒன்றே கால் வருடத்துக்கு மேல் ஆகும்.

இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அரசின் சிறைப் புள்ளிவிவரத்தில் மனநோயாளிகள் என்று பதிவானவர்கள் மொத்தத்தில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் பெங்களூரு மத்திய சிறையில் 5,024 பேரை மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவு வேறு. போதைப் பழக்கத்தையும் சேர்த்தால் 79.6 விழுக்காட்டினருக்குப் பாதிப்பு. அதை நீக்கினாலும் 27.6 விழுக்காடு. தலைப்புச் செய்திக்கு முதல் எண் ஓடிவந்துவிடும். ஆனால் போதை மீட்புக்கும் மனச்சோர்வு சிகிச்சைக்கும் வேறு வேறு ஏற்பாடுகள் தேவை என்பதால் இரண்டு எண்களையும் பிரித்துப் பார்ப்பதே பயன் தரும். 2 எங்கே, 27.6 எங்கே? நோய் இருக்கிறது என்று சொல்ல ஒரு மருத்துவர் வேண்டும். அவர் இல்லாத சிறையில் நோயும் பதிவேட்டில் ஏறுவதில்லை.

மனநோயோடு சிறைக்கு வருகிறார்களா, வந்த பிறகு நோயாளி ஆகிறார்களா? இரண்டும் உண்மை. சிகிச்சை கிடைக்காமல் தெருவில் அலைந்து, சில்லறை வழக்குகளில் சிக்கி உள்ளே வருபவர்கள் உண்டு. நன்றாக இருந்து, உள்ளே வந்த சில வாரங்களில் நிலைகுலைபவர்களும் உண்டு. சிறைவாசிகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். வழக்கு எப்போது முடியும், ஜாமீன் கிடைக்குமா, வீட்டில் என்ன நடக்கிறது என்பது எதுவும் தெரியாத நிலை அவர்களுடையது. இந்தக் கவலைகளையெல்லாம் விஞ்ஞானத்தால் போக்க முடியாது. ஆனால் அவற்றோடு சேர்ந்து மனத்தை அரிக்கிற இன்னொன்று இருக்கிறது. அதை மாற்றப் பெரிய செலவும் ஆகாது. அது வெளிச்சம்.

வெளிச்சம், நிறம் என்றாலே ஒரு பழைய பரபரப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். 1979இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக் கடற்படைச் சிறையில் ஓர் அறைக்கு இளஞ்சிவப்பு வண்ணம் அடித்தார்கள். அதில் அடைக்கப்பட்டவர்களின் ஆவேசம் அடங்கிவிட்டது என்றார் அலெக்சாண்டர் ஷாஸ் என்ற ஆய்வாளர். செய்தி பரவ, நாடு நாடாகச் சிறைகளுக்கு இளஞ்சிவப்பு பூசினார்கள். சுவிட்சர்லாந்துச் சிறையொன்றில் இதை முறையாகச் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள்: வெள்ளை அறையில் இருந்தவர்களுக்கும் இளஞ்சிவப்பு அறையில் இருந்தவர்களுக்கும் ஆவேசத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. சுவரின் நிறம் மனத்தை மாற்றும் என்ற நம்பிக்கையை அங்கேயே விட்டுவிடலாம். வெளிச்சம் எந்த நேரத்தில் கண்ணில் படுகிறது என்பதே முக்கியம்.

1998இல் ஆப்பிரிக்கத் தவளையின் தோலில் இக்னாசியோ புரொவென்சியோ ஒரு புதிய நிறமியைக் கண்டார்; பெயர் மெலனாப்சின். தவளை வெளிச்சத்துக்கேற்ப நிறம் மாற உதவும் செல்களில் அது இருந்தது. அதே நிறமி நம் விழித்திரையிலும் இருப்பது பிறகு தெரியவந்தது, அதுவும் யாரும் எதிர்பார்க்காத இடத்தில். 2002இல் டேவிட் பெர்சன் குழுவினர் எலியின் விழித்திரையில் இதைத் தாங்கிய நரம்பு செல்களைப் பிடித்துக் காட்டினார்கள். இவை முக்கியமாகக் கவனிப்பது உருவத்தை அல்ல, வெளியே எவ்வளவு வெளிச்சம் என்பதை. அதிகம் துடிப்பது நீல வெளிச்சத்துக்கு. செய்தி போகுமிடம் ஹைப்போதலாமஸில், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும் சுமார் 20,000 செல்கள். உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான்.

கல்யாண வீட்டுச் சமையல்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த 20,000 செல்கள்தான் மாஸ்டர். அவர் கையிலிருக்கும் கடிகாரம் நாளொன்றுக்குச் சராசரியாக 11 நிமிடம் பின்தங்கும். மனித உடலின் இயல்பான சுற்று 24 மணி 11 நிமிடம் என்று 1999இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அளந்தார்கள். ஆகவே தினமும் விடியும்போது பந்தலிலிருந்து ஒருவர் ஓடிவந்து ‘பொழுது விடிஞ்சாச்சு’ என்று சொல்ல, மாஸ்டர் முள்ளைத் திருப்பி வைக்கிறார். ஈரல், கணையம், குடல் எல்லாம் உதவியாட்கள். அவரவருக்கும் ஒரு கடிகாரம் உண்டு. அவர்கள் மாஸ்டர் குரலையும் கேட்பார்கள், பந்தியில் ஆள் உட்கார்ந்துவிட்டார்களா என்றும் எட்டிப் பார்ப்பார்கள். இரவு வந்ததும் ‘அடுப்பைத் தணி’ என்று மாஸ்டர் கொடுக்கும் உத்தரவுதான் மெலடோனின். இப்போது பந்தலில் ராத்திரி முழுக்க விளக்கு எரிகிறது. காலையில் சொல்ல ஆள் வரவில்லை. பந்தியோ சாயங்காலமே போட்டாகிவிட்டது. மாஸ்டர் இன்னும் பகல் என்று நினைத்து உத்தரவைத் தள்ளிப்போடுகிறார். சாப்பாடு முடிந்ததைப் பார்த்த உதவியாட்கள் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டார்கள். சோறு வெந்தபோது சாம்பார் தாளிக்கவில்லை. சாம்பார் கொதித்தபோது இலை போடவில்லை. இது நாலு நாள் தொடர்ந்தால் சமையல்கட்டில் சண்டை வரும், பந்தியிலும் வரும். உடலில் அந்தச் சண்டைக்குத் தூக்கமின்மை, எரிச்சல், சோர்வு என்று பெயர்.

இதை நம் மண்ணிலேயே அளந்திருக்கிறார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர் தன்னார்வலர்களைத் தனிமை அறையில் தங்கவைத்தார்கள். கடிகாரம் இல்லை, பகல் வெளிச்சம் இல்லை, வெளியார் தொடர்பு இல்லை. நாள்கள் போகப்போகச் சிலருக்குத் தூக்க விழிப்புச் சுழற்சி ஒரு வழியிலும் உடலின் மற்றச் சுழற்சிகள் வேறு வழியிலும் பிரிந்தன. அவர்கள் விரும்பி உள்ளே போனவர்கள். வேண்டாம் என்றால் வெளியே வந்துவிடலாம்.

சிறைக்கு வாருங்கள். மாலை 6 மணி வாக்கில் லாக்கப். அதற்கு முன்பே இரவுச் சாப்பாடு. காவலுக்காகப் பல சிறைகளில் பிளாக்கின் டியூப்லைட் விடியும்வரை எரியும். வார்டர் கம்பிக்கு வெளியே நின்று ஆள் எண்ணிக்கை பார்க்க அது வேண்டும். 2022 கணக்குப்படி 100 பேருக்கான இடத்தில் சராசரியாக 131 பேர் இருந்த நாட்டில், விளக்குக்கு நேர் கீழே படுத்தவர் துண்டை முகத்தில் போட்டுக்கொள்வார். வியர்வையில் அதுவும் நழுவும். சாயங்காலத்தில் வெறும் 25 லக்ஸ் வெளிச்சமே மெலடோனினைப் பாதியாகக் குறைத்துவிடும் என்பது ஆஸ்திரேலிய ஆய்வொன்றில் கிடைத்த சராசரி. ஆளுக்கு ஆள் இந்த உணர்திறன் 50 மடங்குக்கு மேல் மாறுபடுகிறது. ஒரே விளக்கின் கீழ் ஒருவர் குறட்டை விட, அடுத்தவர் விழித்துக் கிடப்பது இதனாலும் இருக்கலாம். பகலிலோ வெயில் புகாத செல்லுக்குள் 100 லக்ஸே கஷ்டம். மேகமூட்டமான வானத்தின் கீழ் 10,000 லக்ஸ் கிடைக்கும்.

இதற்கும் மனநோய்க்கும் என்ன தொடர்பு? தூக்கம் கெட்டால் இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மிகையெழுச்சி கிளம்பலாம். இது மருத்துவர்கள் அன்றாடம் பார்ப்பது. இத்தாலியின் மிலான் மருத்துவமனையில், இருமுனைச் சோர்வோடு சேர்ந்தவர்களில் கிழக்குப் பார்த்த அறையில் இருந்தவர்கள் மேற்குப் பார்த்த அறையில் இருந்தவர்களைவிடச் சராசரியாக 3.67 நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள் என்று 2001இல் எழுதினார்கள். பிரிட்டனில் சுமார் 87,000 பேரை வைத்து 2023இல் வந்த ஆய்வில், இரவு வெளிச்சம் மிக அதிகம் பட்டவர்களிடம் மனச்சோர்வு 30 விழுக்காடு கூடுதல். பகல் வெளிச்சம் அதிகம் பட்டவர்களிடம் 20 விழுக்காடு குறைவு. ஆனால் இது காரணத்தை நிரூபிக்கவில்லை. மனம் சோர்ந்தவர் தூக்கம் வராமல் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். வெளிச்சத்தைச் சரிசெய்தால் மனச்சிதைவு குணமாகும் என்று யாராவது கருவி விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிட வேண்டும். மருந்தும் மருத்துவரும் வேண்டிய இடத்தில் வேறெதுவும் ஈடாகாது. சீரான இரவு கிடைத்தால் அந்த மருந்து வேலை செய்ய இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1858இல் ஆங்கில அரசு மனநோயாளிகளை அடைத்துவைக்கச் சட்டம் போட்டது. குற்றமே செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல, பத்திரிகையாளர் ஷீலா பார்சே தொடுத்த வழக்கில் 1993வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவு, மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மருத்துவப் பிரிவில் மனநலச் சிகிச்சை இடம் வேண்டும் என்கிறது. சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ‘இங்கே மனநோயாளிகள் இல்லை’ என்று சான்றளித்து மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்பவும் சொல்கிறது. நோயாளிகளைச் சிறையில் முடக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் எழுதிய வரி. ஆனால் தேடிப் பார்க்க ஆளில்லாத இடத்தில் ‘இல்லை’ என்று எழுதுவதுதான் சுலபம்.

25 பேரை ஆயிரமாக்கப் பல வருடம் பிடிக்கும். அதற்கான குரல் ஓயக் கூடாது. அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். படுத்திருப்பவர் முகத்துக்கு நேரே எரியும் விளக்கைத் தாழ்வாரத்துக்கு நகர்த்தலாம். நள்ளிரவில் மங்கலான, நீலம் குறைந்த பல்ப் எண்ணிக்கை பார்க்கப் போதும். காலையில் கதவு திறந்ததும் ஒரு மணி நேரம் எல்லோரும் வெட்டவெளியில் நிற்கலாம். தூக்க மாத்திரையை லாக்கப் நேரத்தில் கொடுக்காமல், படுக்கும் நேரத்துக்குக் கொடுக்க இரவில் ஒரு செவிலியரை வைக்கலாம். 2022இல் நம் சிறைகளில் தற்கொலையால் போனவர்கள் 119 பேர். தொடர்ந்து தூக்கம் வராமை அந்த ஆபத்தின் முன்னறிவிப்புகளில் ஒன்று. மனநிலையைப் பற்றிக் கேட்டால் வாயைத் திறக்கத் தயங்குபவரும் ‘ராத்திரி தூங்கினீங்களா?’ என்று கேட்டால் பதில் சொல்வார். உள்ளே வரும் ஒவ்வொருவரிடமும் முதல் வாரம் தினமும் இதைக் கேட்டு எழுதிவைத்து, மூன்று நாள் தூங்காதவரை மருத்துவரிடம் அனுப்ப ஒரு வார்டருக்குக் கற்றுத்தரலாம். மூன்று மாத அறிக்கையில் அந்த எண்ணிக்கையும் ஏறட்டும்.