சட்டைப்பையில் நான்கு மாம்பழம்



"உப்பு, புளி, வெந்தயம், தீப்பெட்டி, கால் கிலோ துவரம்பருப்பு வாங்கிட்டு வா" என்கிறார் அம்மா. ஓடுகிறீர்கள். தெருமுனையில் ஒரு பட்டம் அறுந்து பறக்கிறது. அண்ணாந்து பார்க்கிறீர்கள். கடைக்குப் போய் நின்றால் உப்பும் புளியும்தான் நினைவில் இருக்கின்றன! ஏன் அப்படி?

கேட்டீர்களே, அதுதான் கெட்டிக்காரத்தனம். வாருங்கள், சோதித்துப் பார்ப்போம்.

7, 4, 9, 1, 0, 5, 9, 1. நண்பனிடம் ஒரே ஒரு முறை வாசித்துக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். திணறுகிறானா? இப்போது அதே எண்களைக் கடைசியிலிருந்து படியுங்கள்: 1950, 1947. நாம் குடியரசான ஆண்டு, விடுதலை பெற்ற ஆண்டு! எட்டுச் சில்லறை இரண்டு நோட்டாகிவிட்டது. இனி மறக்குமா?

நம் மூளைக்குள் ஒரு சின்னச் சட்டைப்பை உண்டு. இந்த நிமிடத்துக்கு வேண்டியதை மட்டும் அது வைத்திருக்கும். பெயர், செயல் நினைவகம். அதில் ஏறக்குறைய 7 விஷயங்கள் தங்கும் என்று 1956-இல் எழுதினார் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர். 2001-இல் நெல்சன் கோவன் என்பவர், "அவ்வளவு இல்லை, சுமார் 4தான்" என்றார்.

நான்கு மாம்பழம் கொள்ளும் பையில் ஐந்தாவதைத் திணித்தால் என்ன ஆகும்? ஒன்று உருண்டு விழும். புரிகிறதா?

அதனால்தான் சீட்டில் எழுதிக்கொள்கிறோம். தாள் ஞாபகம் வைத்துக்கொள்ளும், பை காலியாகும்.

ஆனால் ஒரு வம்பு இருக்கிறது. பள்ளியில் படித்தபோது, தேர்வுக்காக ஏழு நிறத்தில் அட்டவணை போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. மறுநாள் பார்த்தால், பச்சை என்றால் கணக்கா, அறிவியலா? ஊதாவுக்கு என்ன அர்த்தம்? பையில் இருந்த நான்கு இடத்தில் இரண்டை அந்த அட்டவணையே பிடித்துக்கொண்டது! அட்டவணை என்னவோ அழகாகத்தான் இருந்தது. கணக்கில்தான் மதிப்பெண் இல்லை.

இன்று இரவு காலண்டரில் கிழித்த தாளை எடுங்கள். பின்பக்கத்தில் நாளைய வேலை மூன்றை மட்டும் எழுதிப் பென்சில் டப்பாவில் வையுங்கள். முடித்ததை அடித்துவிடுங்கள். பேனா எந்த நிறமானாலும் சரி.