மெமரி கேட்கும் கெர்னல்: கேமல்லாக்கா, விமல்லாக்கா?

ஆப் ஒன்று கிராஷ் ஆனால் மூடிவிட்டு மறுபடி திறக்கலாம். ஆனால், ஆண்ட்ராய்டு போனுக்கு அடித்தளமான லினக்ஸ் கெர்னலில் தவறு நேர்ந்தால், போனே உறைந்துபோகலாம். அப்படிப்பட்ட தவறுகளில் ஒன்று, மெமரியைத் தப்பான முறையில் கேட்பது.

லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்கும் காஞ்சிபுரத்தை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். 2019 அத்திவரதர் தரிசன நாட்களில் ஒரு குழு, லாட்ஜில் 10 ரூம் கேட்பதாக வைத்துக்கொள்வோம்.

ஒரே வரிசையா, சிதறலா?

‘பத்தும் பக்கத்து பக்கத்துல வேணும்’ என்பது கேமல்லாக். மெமரியில் இடைவெளி இல்லாத ஒரே துண்டைத் தரும், வேகமானது. 4 கேபி அளவுள்ள ஒரு பக்கத்துக்கும் குறைவான தேவை என்றால் இதுவே போதும். பெரிய அளவு கேட்டால், மொத்தத்தில் காலியிடம் இருந்தும் ஒரே துண்டாகக் கிடைக்காமல் போகலாம்.

‘எங்க இருந்தாலும் பரவாயில்ல’ என்பது விமல்லாக். சிதறிய பக்கங்களைச் சேர்த்து, தொடர்ச்சியான முகவரிகளாகக் காட்டும். அதற்கான அட்டவணையைப் பராமரிக்கும் வேலை கூடுதல்.

இரண்டையும் இணைப்பது, 2017-இல் 4.12 பதிப்பில் வந்த கேவிமல்லாக். முதலில் வரிசையாகக் கேட்கும். கிடைக்காவிட்டால் சிதறலாக வாங்கிக்கொள்ளும்.

காத்திருக்க முடியுமா?

‘கொஞ்சம் உட்காருங்க, ரூம் காலியாகட்டும்’ என்றால் காத்திருக்கத் தயாரா? தயார் என்றால் ஜிஎஃப்பி_கெர்னல் என்று குறிப்பிட வேண்டும். வன்பொருள் அனுப்பும் இன்டரப்ட்டைக் கையாளும் நிரல் காத்திருக்கவே கூடாது. அங்கே ஜிஎஃப்பி_அட்டாமிக்தான். அவசரத்துக்கு ஒதுக்கிவைத்த மெமரியிலிருந்தும் இது எடுக்கும். இருந்தாலும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. இரண்டும் இடம் மாறினால் சிஸ்டமே நின்றுபோகலாம்.

மறக்கக் கூடாதவை

* மெமரி கிடைத்ததா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். கிடைக்காத இடத்தில் எழுதப் போனால் கெர்னலே விழும்.

* சுத்தம் செய்யாத ரூமில் பழைய ஆளின் பொருள் கிடப்பதுபோல, கேமல்லாக் தரும் இடத்தில் பழைய தரவு இருக்கலாம். அது வெளியே கசிந்தால் ஆபத்து. எல்லாவற்றையும் பூஜ்யமாக்கித் தருவது கேஸெட்அல்லாக்.

* வாங்கிய முறையிலேயே திருப்பித் தர வேண்டும். கேமல்லாக்குக்கு கேஃப்ரீ, விமல்லாக்குக்கு விஃப்ரீ, கேவிமல்லாக்குக்கு கேவிஃப்ரீ.

குழப்பமாக இருந்தால்?

கெர்னலின் அதிகாரபூர்வ வழிகாட்டியே சொல்லும் பதில் எளிமையானது: பெரும்பாலான இடங்களில் கேஸெட்அல்லாக்கும் ஜிஎஃப்பி_கெர்னலும் போதும். வேறு எதையாவது எடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: எவ்வளவு வேணும்? காத்திருக்க முடியுமா?